மூன்றாம் சுற்றுப் பங்குகள்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
12 ஜனவரி 2025

அன்புள்ள ஜனா மாமா,

இது ஒரு வீட்டுப்பாடம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைப் பிடித்துக் கேலி செய்யக் கூடாது. எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ரதி ரீச்சர் ஆளுக்கொரு உறவினரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய தொழிலைப் பற்றி யூன் மாதம் வரை கடிதத்தில் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். கையால் எழுதி முத்திரை ஒட்டி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் தாதிமாரையும் வீடு விற்கும் முகவர்களையும் பிடித்துவிட்டார்கள். நிலத்துக்குக் கீழே எண்ணெய் தேடும் மாமா எனக்கு மட்டும்தான் இருக்கிறார்.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். "பாடத்துக்கு வேணுமெண்டா எழுது. எனக்கு வாசிச்சுக் காட்டாதை" என்றார். நீங்கள் பங்கு விற்க வைத்த நவம்பர்க் கூட்டத்துக்குப் பிறகு அவர் உங்களுடன் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும். "நான் குடியிருக்கிற கட்டடத்துச் சனத்திட்டை என்ரை தம்பி காசுக்குக் கை நீட்டினவன்" என்று அப்பாவிடம் சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது.

எனக்கென்றால் அந்தக் கூட்டம் பிடித்திருந்தது. பிளாசாவின் பின்பக்க மண்டபம், மட்டன் ரோல்ஸ், திரையில் அல்பேர்ட்டாவின் படம். நீங்கள் ஒவ்வொருவரிடமும் "எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடிப் புனிதவதி அன்ரி "கரவெட்டி" என்றார். "கரவெட்டியிலை எவடம்?" என்றீர்கள். அவர் சொன்னதும், "அட, எங்கடை பெரியம்மா அங்கைதானே கலியாணம் செய்தவ! அப்ப நீங்கள் எனக்குச் சின்னம்மா முறை" என்றீர்கள். அன்ரியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அன்று அவரிடம் பணம் இருக்கவில்லை, அதனால் பங்கு வாங்கவில்லை. அன்று பங்கு வாங்கிய எல்லோருடைய பத்திரங்களையும் மேசையில் இருந்து ஆங்கிலத்தில் நிரப்பியது நான்தான். "கம்பனி இயக்குநருக்கு", அதாவது உங்களுக்கு, "என்ன உறவு" என்ற இடத்தில் பெரியப்பா, மச்சான், சின்னம்மா என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

என் முதற் கேள்வி இது. இன்னும் எண்ணெய் எடுக்காத கம்பனி, வங்கியிடம் போகாமல் ஏன் மண்டபத்தில் பணம் சேர்க்கிறது?

உங்கள் மருமகள்,
சாம்பவி


கல்கரி
27 ஜனவரி 2025

என் அன்பு மருமகளே,

கையெழுத்துக் கடிதம் வந்ததென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அலுவலகம் என்றால் நானும் ஸ்டெபனி என்ற கணக்காளரும் ஒரு கோப்பி இயந்திரமும். அந்த மூவரில் ஒழுங்காக வேலை செய்வது ஸ்டெபனி மட்டும்.

நல்ல கேள்வி கேட்டாய். வங்கிக்காரன் குடை விற்கிறவன் மாதிரி அல்ல, மழை நின்ற பிறகு குடை தருகிறவன். நிலத்துக்குக் கீழே எண்ணெய் இருக்கிறதென்று பொறியியலாளர் கையொப்பம் வைத்தால் மட்டும் கடன் தருவான். அந்தக் கையொப்பத்துக்குத் துளையிட வேண்டும். துளையிடப் பணம் வேண்டும். பெரிய கம்பனியிடம் போனால், "நாங்கள் துளையிடுகிறோம், காணியில் முக்காற் பங்கைத் தா" என்பான். பங்குச் சந்தைக்குப் போனால் வழக்கறிஞர்களுக்கே பாதிப் பணம் போய்விடும். ஆகவே சிறிய கம்பனிகளுக்கு மிஞ்சுவது ஒரே வழி: தெரிந்தவர்களிடம் தனிப்பட்ட முறையில் பங்கு விற்பது.

அதைச் சுற்றுச் சுற்றாகச் செய்வோம். முதற் சுற்றில் காணியைக் குத்தகைக்கு எடுத்தோம். இரண்டாம் சுற்று நீ பார்த்த நவம்பர்க் கூட்டம். மூன்றாம் சுற்றுப் பணம் வந்ததும் துளையிடுவோம். நாங்கள் துளையிடச் செலவழிப்பதைப் பங்கு வாங்கியவர் தன் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே ஒரு சலுகை வைத்திருக்கிறது. அதைச் சொன்னால் நம்முடைய ஆட்களின் கண் எப்படி விரியும் தெரியுமா! எண்ணெயை விட வரியில்தான் அவர்களுக்கு ஆசை.

அக்கா கோபம் தணிவார். முதற் துளையில் எண்ணெய் வந்தால் எல்லோரும் என்னுடன் பேசுவார்கள்.

அது சரி, புனிதவதிச் சின்னம்மா எப்படி இருக்கிறார்? தோள் போனதற்கான நட்டஈட்டு வழக்கு புதுவருடத்தில் முடியும் என்று கூட்டத்தில் சொன்னார். முடிந்துவிட்டதா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாமா


டோர்செட் பார்க்
16 பெப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். குடைக்காரனுக்கு எல்லோரும் சிரித்தார்கள். "தொழிலின் இடர்களையும் கேள்" என்று ரீச்சர் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அன்ரியின் வழக்கு முடிந்துவிட்டது. நீங்கள் நினைவு வைத்துக் கேட்டதைச் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டார். பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தூக்கித்தானே அவருடைய தோள் போனது. இனி வேலைக்குப் போக முடியாது. ஓய்வூதியம் வரும்வரை இந்தப் பணத்தில்தான் வாழ வேண்டும் என்று தாமே சொன்னார். வலது கையை உயர்த்த முடியாததால், மேல் தட்டில் இருப்பவற்றை எடுத்துக் கொடுக்க நான் பின்னேரங்களில் போவேன். பதிலுக்கு எனக்குத் தோசை கிடைக்கும்.

இன்னொரு விஷயம். சலவை அறையில் செல்வரட்ணம் அங்கிளைச் சந்தித்தேன். பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு சுற்றிலும் பணம் போட்டவர். உங்கள் கம்பனியிலிருந்து வந்த கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "பிள்ளை, என்ரை பத்துப் பங்கு ஒரு பங்காப் போச்சாம். மிச்ச ஒன்பதும் எங்கை போனது, மாமாட்டைக் கேட்டுச் சொல்லு" என்றார். சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் உடுப்புகள் உலர்ந்து இயந்திரம் நின்ற பிறகும் கதவைத் திறக்காமல் நின்றார். மகளின் கலியாணத்துக்காகப் பங்குகளை விற்கப் பார்த்தாராம். சந்தையில் இல்லாத பங்கை யாரும் வாங்க மாட்டார்கள் என்று வங்கியில் சொன்னார்களாம்.

அந்த ஒன்பது பங்கும் எங்கே போயின? துளையிடுவது எப்போது?

சாம்பவி


கல்கரி
3 மார்ச் 2025

அன்புள்ள சாம்பவி,

ஒன்பதும் எங்கேயும் போகவில்லை என்று அங்கிளுக்குச் சொல். ஒரு டொலர் நாணயக் குற்றிகள் பத்தைக் கொடுத்து ஒரு பத்து டொலர்த் தாளை வாங்கியது போலத்தான். ஒரு பங்கின் விலை சில சதங்களுக்கு இறங்கிவிட்டால் புதிய ஆட்கள் வாங்கப் பயப்படுவார்கள். பங்குகளை ஒன்று சேர்த்தால் விலை மரியாதையாகத் தெரியும். பிறகு புதிய பங்குகளை அச்சடித்து விற்கலாம். பழைய ஆட்களின் பங்கு அளவில் சுருங்கும், உண்மைதான். எல்லாச் சிறிய கம்பனிகளும் இப்படித்தான் உயிர் வாழ்கின்றன.

துளையிடும் இயந்திரத்தை றிக் என்போம். பெரிய லொறிகளில் பிரித்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நிலம் உறைந்து கல்லாக இருக்கும்போதுதான் அங்கே பாதை உண்டு. பனி உருகத் தொடங்கினால் எல்லாம் சேறு. மார்ச் நடுவிலிருந்து பார ஊர்திகளுக்குத் தடை போட்டுவிடுவார்கள். இந்தக் குளிர்காலத்தில் போக முடியவில்லை. இனி யூன் மாதம்தான்.

ஏன் போக முடியவில்லை என்று கேட்பாய். இது ரதி ரீச்சருக்கு வேண்டாம், உனக்கு மட்டும். காணியுடன் சேர்த்துப் பழைய கைவிடப்பட்ட கிணறுகளையும் வாங்கினோம், ஒரு டொலருக்கு. அவற்றை மூடிச் சுத்தம் செய்யும் பொறுப்பும் எங்கள் தலையில் வந்தது. மாகாணம் அதற்குப் பிணைப்பணம் கேட்டது. நவம்பர்ப் பணத்தில் பெரும்பகுதி அந்தக் கிணறுகளுக்குள்தான் போனது. மிஞ்சியதில் காணிக்குக் கடன் தந்தவனுக்கு வட்டி கட்டினோம்.

மூன்றாம் சுற்று வந்தால் எல்லாம் சரியாகும். சின்னம்மாவுக்குப் பத்திரங்களை அனுப்பப் போகிறேன். உன்னைத்தான் நம்புவார். வழக்கம் போல நிரப்பிக் கொடு.

மாமா


டோர்செட் பார்க்
13 ஏப்ரல் 2025

மாமா,

இந்தக் கடிதத்தை வகுப்பில் வாசிக்கப் போவதில்லை.

நேற்று அன்ரி வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அழைப்பு வந்தது. அன்ரிக்குக் கை வலிப்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் இருப்பது உங்களுக்குத் தெரியாது. "சின்னம்மா, றிக் சுத்தத் தொடங்கிட்டுது. சத்தம் இஞ்சை கேக்குது. இப்ப போட்டாத்தான் உண்டு, எண்ணெய் வந்தாப் பிறகு இந்த விலைக்குத் தரமாட்டம்" என்றீர்கள்.

ஏப்ரலில் றிக் அங்கே போக முடியாது என்று எனக்கு எழுதியவர் நீங்கள்தான். நான் தோசையை மென்று முடிக்க நெடுநேரம் ஆனது.

இன்று நூலகத்துக்குப் போனேன். பொது அறிவித்தல் இல்லாமல் பங்கு விற்பது பற்றிய ஒன்ராறியோ விதியைத் தேடி வாசித்தேன். அகராதி வேண்டியிருந்தது, ஆங்கிலத்துக்கே. இயக்குநரின் குடும்பத்தவர், நெருங்கிய நண்பர், நெருங்கிய தொழிற்கூட்டாளி ஆகியோருக்கு அப்படி விற்கலாம். நீங்கள் எங்களிடம் வந்தது இதனால்தான் என்று விளங்கியது. ஆனால் குடும்பம் என்றால் யார் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. மனைவி, பெற்றோர், அவர்களுடைய பெற்றோர், சகோதரர், பிள்ளை, பேரப்பிள்ளை, பிறகு மனைவியின் பக்கத்தில் அதே உறவுகள். சின்னம்மா இல்லை. மச்சான் முறை இல்லை. ஒரே கோயிலுக்கோ ஒரே சங்கத்துக்கோ போவதால் மட்டும் ஒருவர் நெருங்கிய நண்பர் ஆகிவிட மாட்டார் என்றும் போட்டிருக்கிறது. யாரோ எங்கள் மண்டபத்தில் இருந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

அந்தப் பட்டியலில் மருமகளும் இல்லை, மாமா. நான் மீண்டும் மீண்டும் தேடினேன்.

அன்ரியை விட்டுவிடுங்கள். அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. நீங்களே அழைத்து வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்.

சாம்பவி


கல்கரி
25 ஏப்ரல் 2025

சாம்பவி,

நூலகத்தில் ஒரு பின்னேரம் இருந்துவிட்டு எனக்குச் சட்டம் எழுதுகிறாய். நல்லது. நான் இந்தத் தொழிலில் வீட்டை விற்றவன். மனைவி போய்விட்டாள். சம்பளம் எடுத்து ஒரு வருடமாகிறது. ஸ்டெபனியும் போன மாதம் விலகிவிட்டாள். இதையெல்லாம் உன் நூலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா?

விளங்கும்படி சொல்கிறேன். காணி கடன்காரனிடம் ஈட்டில் இருக்கிறது. மே முப்பதாம் திகதிக்குள் மூன்றாம் சுற்று முடியாவிட்டால் அவன் காணியை எடுத்துவிடுவான். காணி போனால் கம்பனி ஒரு பெயர்ப்பலகை. செல்வரட்ணம் அண்ணையின் பணம், உங்கள் கட்டடத்தில் போட்ட எல்லோருடைய பணமும் அத்துடன் முடிந்தது. சின்னம்மாவின் பணம் ஒன்றுதான் இப்போது இடைவெளியில் நிற்கிறது. இதை நான் அவருக்கும் சொல்லிவிட்டேன். அவர் பெரிய மனுசி, அவருக்கு விளங்கியது.

நீ எவருக்கும் சொல்ல மாட்டேன் என்று எழுதியது புத்திசாலித்தனம். ஏனென்றால் நவம்பரில் உறவு என்ற இடத்தை நிரப்பிய கை என்னுடையது அல்ல. எல்லாப் பத்திரங்களிலும் ஒரே கையெழுத்து. யாரும் கேட்டால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

உனக்கு வல்லினம் மிகும் இடமெல்லாம் தெரியும். எங்கே வாயை மூட வேண்டும் என்பதையும் படித்துக்கொள்.

ஜனார்த்தன்


டோர்செட் பார்க்
18 மே 2025

மாமா,

உங்கள் கடிதத்துக்குப் பிறகு நிறைய நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பரீட்சை பயம் என்று அம்மா நினைத்தார். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

இன்று காலை அன்ரி என்னை அழைத்தார். மேசையில் வங்கிக் காசோலை இருந்தது. பக்கத்தில் உங்கள் பத்திரங்கள். கையொப்பத்தை இடது கையால் வைத்திருந்தார்.

"உன்ரை மாமா நேற்றும் எடுத்தவர். முப்பதாம் திகதிக்குள்ளை காசு போகாட்டில் எல்லாற்றையும் போயிடுமாம்."

"றிக் சுத்தேல்லை அன்ரி. அவர் சொன்னது பொய்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நேற்று அவரே அழுது சொன்னவர்."

நீங்கள் அவருக்கும் சொல்லிவிட்டதாக எழுதியதை நான் நம்பியிருக்கவில்லை. இத்தனை நாளும் அன்ரி லாபத்துக்குத்தான் போடப் போகிறார், உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவார் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப ஏன் குடுக்கிறியள்?"

"என்ன கதை கதைக்கிறாய்? செல்வரட்ணம் அண்ணை ஆஸ்பத்திரிக்கு என்னை எத்தினை தரம் ஏத்தி இறக்கினவர். மேல்மாடிப் பெடியன் பனிக்காலத்திலை வாசல் சினோ தள்ளி விடுறவன். நான் ஒருத்தி காசைப் பூட்டி வைச்சுக்கொண்டு, நாளைக்கு லிப்ற்றுக்குள்ளை அவையின்ரை முகத்தைப் பாக்கிறதே?"

"உங்கடை காசும் அதே கிடங்குக்குள்ளைதான் போகும் அன்ரி. கடன்காரனுக்கு ஒரு மாச வட்டி. பிறகு நாலாம் சுற்று வரும்."

"வந்தா வரட்டும். இந்த இடத்தை மட்டும் நிரப்பு. சின்னம்மா எண்டு எழுது. உன்ரை மாமாதானே சொன்னவர்."

பேனாவை எடுத்தேன். எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: "உறவு இல்லை. இயக்குநரின் அக்கா வசிக்கும் கட்டடத்தில் இருப்பவர். இயக்குநரை ஒருமுறை கூட்டத்தில் பார்த்திருக்கிறார்."

அன்ரி கண்ணாடியைக் கழற்றினார். "இப்பிடி எழுதினா எடுப்பினமோ?"

"எடுக்கக் கூடாது. அதுதான் சட்டம்."

"அப்ப உவர் எனக்கு ஒருத்தரும் இல்லை."

"இல்லை அன்ரி."

காசோலையை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப நீ எனக்கு ஆர், பிள்ளை?"

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். சட்டப்படி என்ன பதில் என்பது எனக்குத் தெரியும். அன்ரி எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். நான் வெளியே வந்தேன். பூட்டுச் சத்தம் கேட்டது.

காசோலை அவரிடம்தான் இருக்கிறது. பத்திரத்தை இத்துடன் அனுப்புகிறேன். அதில் எழுதியிருப்பது உண்மை. நவம்பரில் எழுதியவற்றைப் பற்றி யாரும் கேட்டால், எழுதியது நான் என்றே சொல்வேன். சொல்லித் தந்தது யார் என்பதையும் சொல்வேன். உங்கள் கடிதத்தை அம்மாவிடம் இன்று கொடுக்கிறேன்.

சாம்பவி


கல்கரி
2 யூன் 2025

சாம்பவி,

மூன்றாம் சுற்று முடியவில்லை. சின்னம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடன்காரனின் வழக்கறிஞர் காணியை எடுத்துக்கொண்டார். அக்கா அழைத்துத் திட்டினார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவருடைய குரலைக் கேட்டேன். அதற்காவது நன்றி.

பங்குதாரர்களின் வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் காரணத்தை அறிவித்துவிட்டேன். கடைசி நாளில் வரவேண்டிய பணம் வந்திருந்தால் கம்பனி தப்பியிருக்கும், அதைத் தடுத்தது யார் என்று எழுதினேன். உன் பெயரைப் போட்டேன். வீட்டு இலக்கத்தைப் போடவில்லை. அது அவர்களுக்குத் தெரியும்.

நான் இங்கிருந்து போகிறேன். இந்த முகவரிக்கு இனி எழுதாதே.

ஜ.


டோர்செட் பார்க்
8 யூன் 2025

மாமா,

எழுதாதே என்றீர்கள். இது உங்களுக்குக் கிடைக்குமோ தெரியாது. அஞ்சற்காரர் திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும்.

உங்கள் வட்ஸ்அப் அறிவித்தல் வந்த நாள் முதல் கட்டடத்தில் யாரும் என்னுடன் பேசுவதில்லை. நான் ஏறினால் லிப்ற்றில் கதை நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை எங்கள் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. திறந்து பார்த்தால், நான் போன வருடம் மேல்மாடிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கதைப்புத்தகங்கள். எல்லாவற்றையும் திருப்பித் தந்திருந்தார்கள். அடியில் இருந்த ஒன்றின் முதற்பக்கத்தில் என் பெயர் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

இன்று மத்தியானம் செல்வரட்ணம் அங்கிள் வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. "எங்கடை காசுக்கு ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. நீ ஒரு வரி எழுதி அதை மூடிப் போட்டாய். பின்னேரம் என்ரை வீட்டிலை எல்லாரும் வருவினம். நீ வந்து சொல்லு, ஏனெண்டு" என்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அம்மா வேலையில் இருக்கிறார். அப்பாவும்தான். "நான் வரும்வரை கதவைத் திறக்காதை" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். ஆனால் மேலே அங்கிள் வீட்டில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்கிறது. இப்போது போகாவிட்டால் அவர்கள் கீழே வருவார்கள். அப்படி வந்தால் அம்மாவையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

போகிறேன். நவம்பர்ப் பணம் எந்தக் கிணறுகளுக்குள் போனது என்று சொல்வேன். பங்குகள் ஏன் சுருங்கின என்று சொல்வேன். பத்திரங்களில் அவர்களுடைய உறவை எழுதியது நான், அது பணத்தைத் திருப்பிக் கேட்கும் அவர்களுடைய உரிமையைக் கெடுக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது என்றும் சொல்வேன். முறைப்பாடு எங்கே கொடுப்பது என்று பார்த்து வைத்திருக்கிறேன். அதற்கு அவர்கள் கையொப்பம் வைக்க வேண்டும். வைப்பார்களா என்று தெரியாது. உங்களை இன்னும் நம்புகிறார்கள். நீங்கள் அவர்களுக்குப் பெறாமகன், மச்சான், தம்பி. நான் வாயாடிப் பிள்ளை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. திறக்காமல் துவாரத்தால் பார்த்தேன். புனிதவதி அன்ரி. அந்த நாளுக்குப் பிறகு அவர் என் பக்கம் வரவே இல்லை. வெளியே போகும் சப்பாத்துப் போட்டு, வலது கையைக் கழுத்துத் துணியில் கட்டியிருந்தார்.

திறந்தேன். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் சட்டைக் கொலரை இடது கையால் இழுத்துச் சரிசெய்தார்.

"தனியப் போகாதை, பிள்ளை" என்றார். "அங்கை இருக்கிறது முழுக்க உன்ரை மாமான்ரை சொந்தக்காரர்."

சாம்பவி